புரிஞ்சுதா? புரிஞ்சுது டீச்சர்!

தமிழ்நாட்டில் எந்தத் தொடக்கப் பள்ளியின் வராந்தாவில் போய் நின்றாலும் அரை மணி நேரத்துக்குள் இந்தக் கச்சேரி காதில் விழும். "புரிஞ்சுதா?" என்று ஒரு குரல். "புரிஞ்சுது டீச்ச்சர்!" என்று முப்பது குரல். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே மூச்சுவிட இடமிருக்காது. ஒரே சுருதி, ஒரே இழுப்பு. கழித்தல் கணக்கு வந்ததோ இல்லையோ, இந்தக் கோரஸ் மட்டும் ஒன்றாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே எல்லாப் பிள்ளைகளுக்கும் கைவந்துவிடுகிறது. விவரம் தெரியாமல் எப்போதாவது ஒரு பிள்ளை, "எனக்குப் புரியல டீச்சர்" என்று தனிக்குரல் கொடுக்கும். "இவ்ளோ நேரம் எங்க பராக்குப் பாத்துட்டிருந்த? எந்திரி!" அவ்வளவுதான். மறுநாள் முதல் கோரஸில் எல்லாக் குரலுக்கும் மேலே கேட்பது அந்தப் பிள்ளையின் குரலாகத்தான் இருக்கும்.

நம் குழந்தைகள் தங்கள் கற்றலைத் தாங்களே மதிப்பிட்டுக்கொள்ளும் முறை இதுதான். தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. தேர்ச்சி நூற்றுக்கு நூறு. இந்த லட்சணத்தில்தான் இப்போது ஒரு தாளைக் கொண்டுவந்து அதே குழந்தையிடம் நீட்டி, "கண்ணு, நீ எவ்வளவு கத்துக்கிட்டேன்னு நீயே உண்மையாச் சொல்லு பாப்போம்" என்கிறார்கள்.

தாளுக்குப் பின்னால் கனமான ஆவணங்கள் இருக்கின்றன. முன்னேற்ற அட்டை என்பது குழந்தையை 360 பாகையும் சுற்றிப் பார்ப்பதாக இருக்க வேண்டும், அதில் தன்மதிப்பீடும் சக மாணவர் மதிப்பீடும் இடம்பெற வேண்டும் என்றது தேசியக் கல்விக் கொள்கை 2020. அதையொட்டி என்சிஇஆர்டியின் 'பரக்' அமைப்பு புது அட்டைகளைத் தயாரித்தது. அந்தக் கொள்கையை மேடைதோறும் எதிர்க்கும் தமிழ்நாட்டிலும் ஆசிரியர் பயிற்சிகளில் 'தன்மதிப்பீடு' என்ற சொல் புழங்காமல் இல்லை. சின்னப் பிள்ளைகளுக்கு எழுதத் தெரியாது என்பதால் முகங்கள்: சிரிக்கும் முகம், உம்மென்ற முகம், அழும் முகம். பொருத்தமான முகத்துக்கு வட்டம் போட வேண்டும்.

மூல யோசனையை நான் குறை சொல்ல மாட்டேன். பால் பிளாக், டிலன் வில்லியம் என்ற இரண்டு பிரிட்டிஷ் கல்வியாளர்கள் வகுப்பறை மதிப்பீடு குறித்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, மாணவர் தம்மைத் தாமே மதிப்பிடுவது ஏதோ ஆடம்பரம் இல்லை, கற்றலுக்கே அடிப்படை என்று 1998லேயே எழுதிவிட்டார்கள். எனக்குக் கோபம் முகத்தின் மேலும் இல்லை, வட்டத்தின் மேலும் இல்லை. வட்டம் போட்ட பிறகு நடப்பதைச் சொல்கிறேன்.

ஓர் ஈராசிரியர் பள்ளி. ஒன்று முதல் மூன்று வகுப்புகளை ஒரே டீச்சர் ஒரே அறையில் பார்க்கிறார். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முகத்தாள் கொடுத்தாயிற்று. மூக்கைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டு ஒரு சிறுமி வெகுநேரம் யோசித்து, கழித்தலுக்கு எதிரே அழும் முகத்துக்கு வட்டம் போட்டாள். ஒழுங்கான, அழகான வட்டம். டீச்சர் பார்த்தார். பதறிப்போனார். "ஏய், அழுவுற மூஞ்சிக்கு ஏன்டி போட்ட? ஆய்வுக்குப் பீஓ வந்து கேட்டா நான் என்ன பதில் சொல்றது?" ரப்பரை எடுத்து அவரே அழித்தார். சிறுமியின் கையைப் பிடித்துச் சிரிக்கும் முகத்தைச் சுற்றி வட்டம் போட வைத்தார். அவள் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நிமிர்ந்து கேட்டாள்: "அப்ப எனக்குக் கழித்தல் வந்துடுச்சா டீச்சர்?"

அந்த டீச்சரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. மூன்று வகுப்பு, எல்லாப் பாடம், மதியச் சாப்பாட்டு மேற்பார்வை, செயலியில் பதிவேற்றம். இத்தனைக்கும் நடுவில் ஒரு பிள்ளைக்குக் கழித்தல் வரவில்லை என்று தெரிந்தால் அவர் செய்வதற்கு என்ன நேரம் இருக்கிறது? தாளில் அழும் முகம் இருந்தால் அது பிள்ளையின் முகம் என்று மேலே யாரும் படிப்பதில்லை, டீச்சரின் குற்றப்பத்திரிகை என்றுதான் படிக்கிறார்கள். ரப்பர் அவர் கையில் இருந்தது. அழிக்கச் சொன்ன கை வேறு.

இன்னொரு மேசையில் ஒரு பையன் யாரும் சொல்லாமலே சிரிக்கும் முகத்துக்கு வட்டம் போட்டிருந்தான். அவன் நோட்டில் 27ஐயும் 15ஐயும் கூட்டி 312 என்று விடை. ஏழும் ஐந்தும் பன்னிரண்டு, இரண்டும் ஒன்றும் மூன்று, பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டான். அவன் பொய் சொல்லவில்லை. மனமார நம்பித்தான் வட்டம் போட்டான். ஐந்து, ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகள் தங்கள் திறமையைக் கூட்டியேதான் மதிப்பிடுவார்கள். 'நான்தான் வேகமா ஓடுவேன், நான்தான் நல்லா வரைவேன்' என்பது அந்த வயதின் இயல்பு. அந்த நம்பிக்கை இல்லாவிட்டால் எந்தப் பிள்ளையும் இரண்டாவது முறை முயலாது. அந்த வயதுப் பிள்ளையிடம் "நீ எப்படிப் படிக்கிற?" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டு, வந்த முகங்களை எண்ணி, வரைபடம் போட்டு, மாவட்டவாரியாக நிறம் தீட்டும் அறிவாளிகளை என்ன சொல்வது? கேழ்வரகில் நெய் வடிகிறது என்று சொன்னால் கேட்பவருக்கு மதி எங்கே போயிற்று?

அந்தப் பையனிடம் பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகளைக் கொடுத்துப் பாருங்கள். இரண்டு கட்டும் ஏழு குச்சியும். ஒரு கட்டும் ஐந்து குச்சியும். சேர்த்து எண்ணச் சொல்லுங்கள். பன்னிரண்டு உதிரிக் குச்சிகளில் பத்தை எடுத்து அவனே ரப்பர் பேண்டு போடுவான். நாலு கட்டு, ரெண்டு குச்சி. நோட்டைப் பார்ப்பான், குச்சியைப் பார்ப்பான், "அய்யய்ய, இது தப்பு டீச்சர்" என்பான். யாரும் அவனுக்குப் பெருக்கல் குறி போடவில்லை. அவன் போட்டுக்கொண்டான். சின்னப் பிள்ளை தன்னைத் தானே மதிப்பிடுவது இவ்வளவுதான்: கையில் ஒரு வேலை, பக்கத்தில் ஒப்பிட ஒரு பொருள், கொஞ்சம் நேரம். ஒரு வரி நிறைய 'ழ' எழுதியவளிடம், "இதுல எது நல்லா வந்திருக்கு, நீயே வட்டம் போடு" என்றால் தயங்காமல் போடுவாள். பெரும்பாலும் சரியானதற்கே போடுவாள். ஜூன் மாதத்து நோட்டையும் நவம்பர் நோட்டையும் அடுத்தடுத்து வைத்தால் அவளே சிரிப்பாள். இதற்கு முகமும் வேண்டாம், செயலியும் வேண்டாம். ஆனால் இதில் மேலிடத்துக்கு அனுப்ப ஒன்றும் மிஞ்சாது. அதனால்தான் இது திட்டமாக மாட்டேன் என்கிறது.

திட்டமானால் எப்படியிருக்கும்? சுற்றறிக்கை இன்னும் வரவில்லை. வந்தால் இப்படித்தான் வரும்:

"பொருள்: தொடக்கக் கல்வி – 1 முதல் 5 வகுப்பு மாணவர்கள் – தம்மைத் தாமே மதிப்பிடுதல் – உண்மைத் தன்மையை உறுதிசெய்தல் – சார்பாக. மேற்காண் பொருள் சார்ந்து, அனைத்துக் குழந்தைகளும் வரும் 15ஆம் தேதி மாலை 5 மணிக்குள் தம்மைத் தாமே உணர்ந்து, அவ்விவரத்தைப் புகைப்படத்துடன் பதிவேற்றம் செய்யுமாறு பார்த்துக்கொள்ளத் தலைமையாசிரியர்கள் அறிவுறுத்தப்படுகிறார்கள். குழந்தைகள் எவ்விதத் தூண்டுதலுமின்றிச் சுயமாக அளிக்க வேண்டிய விடைகளின் மாதிரி இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. 'புரியவில்லை' எனத் தெரிவிக்கும் குழந்தைகள் வகுப்பொன்றுக்கு ஒருவருக்கு மிகாமல் இருத்தல் வேண்டும். அக்குழந்தைகளுக்குப் புரியாமைக்கான காரணம் கோரி சம்பந்தப்பட்ட ஆசிரியரிடம் எழுத்துமூல விளக்கம் பெறப்பட வேண்டும். புரியாத குழந்தை எவரும் இல்லாத பள்ளிகள் இன்மை அறிக்கை அனுப்ப வேண்டும். சர்வர் வேலை செய்யவில்லை என்ற காரணம் ஏற்கப்பட மாட்டாது. இதில் தனிக்கவனம் செலுத்தப்பட வேண்டும். மிக அவசரம்."

சிரிக்கலாம். அரசுப் பள்ளி ஆசிரியர்கள் சிரிக்க மாட்டார்கள். இதில் எந்த வாக்கியம் கற்பனை என்று கேட்பார்கள்.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், இதைச் சரியாகச் செய்யும் வழி நமக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் தொலைத்தோம். 1939ல் சென்னை அடையாறுக்கு வந்த மரியா மாண்டிசோரி, உலகப் போரால் 1946 வரை இந்தியாவிலேயே தங்கி இங்கேதான் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவருடைய உருளைக் கட்டையில் பத்துக் குழி, பத்து உருளை. ஒன்றைத் தப்பான குழியில் போட்டால் கடைசியில் ஓர் உருளை பொருந்தாமல் கையில் நிற்கும். குழந்தையே எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மறுபடி தொடங்கும். பிழையைக் காட்டிக்கொடுப்பது பொருளே; பெரியவர்கள் வாயைத் திறக்க வேண்டியதில்லை. இன்று அந்த அம்மாவின் பெயரைப் பலகையில் எழுதி லட்சக்கணக்கில் கட்டணம் வாங்கும் பள்ளிகளில் யுகேஜிக்கு மாதத் தேர்வு நடக்கிறது, உருளைக் கட்டை கண்ணாடி அலமாரியில் பூட்டிக்கிடக்கிறது. சேர்க்கைக்கு வரும் பெற்றோருக்குக் காட்டுவதற்கு.

அரசுப் பள்ளிக்கு வருவோம். ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளி உருவாக்கிய முறையைப் பார்த்து, 2003ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. அப்போது மாநகராட்சி ஆணையராக இருந்தவர் எம்.பி.விஜயகுமார். 13 பள்ளிகளில் ஆரம்பித்து, மாநகராட்சிப் பள்ளிகள் அனைத்துக்கும் பரவி, 2007 வாக்கில் மாநிலம் முழுக்கப் போனது. அந்த வகுப்பறையை இன்று நினைத்தாலும் ஆச்சரியமாக இருக்கிறது. சுவரில் ஒவ்வொரு பாடத்துக்கும் கற்றல் ஏணி. தட்டுகளில் விலங்குச் சின்னமும் பறவைச் சின்னமும் போட்ட அட்டைகள். தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்று பிள்ளையே ஏணியில் பார்த்து, தனக்கான அட்டையைத் தேடி எடுத்து, உரிய குழுவில் போய்ப் பாயில் உட்காரும். வருகைப் பதிவைக்கூடப் பிள்ளைகளே குறித்தார்கள். குழந்தைக்கு எட்டும் உயரத்தில் கீழ்மட்டக் கரும்பலகை, ஆளுக்கொரு கட்டம். செய்த வேலையைத் தொங்கவிடத் தலைக்கு மேலே கம்பிப் பந்தல். ஆசிரியர் நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்தார். "நீ எங்க இருக்க?" என்று கேட்டால் ஏழு வயதுப் பிள்ளை ஓடிப்போய் ஏணியைத் தொட்டுக் காட்டும். உலகத்தில் எந்தத் தன்மதிப்பீட்டுத் தாளும் அதைவிடத் தெளிவாகச் சொல்லிவிடாது.

அதில் குறைகள் இருந்தன. அட்டைகள் கிழிந்தால் புதிதாக வருவதற்குள் பிள்ளை அடுத்த வகுப்புக்குப் போய்விடும். நாற்பது பிள்ளைகள் நாற்பது படியில் நின்றால் ஓர் ஆசிரியர் என்ன செய்வார் என்ற கேள்விக்குப் பயிற்சியில் பதில் கிடைக்கவில்லை. பெற்றோர், "புஸ்தகமே இல்லாம என்ன படிப்பு?" என்றார்கள். இவற்றையெல்லாம் சரிசெய்திருக்கலாம். நாம் செய்தது வேறு. ஏணியைப் பிள்ளைக்குப் பதிலாக அதிகாரி பார்க்க ஆரம்பித்தார். 'மார்ச்சுக்குள்ள எத்தனை பேர் கடைசிப் படிக்கு வந்தாங்க?' என்று ஆய்வுக்கு வந்தவர் கேட்டார். கேட்ட மறுவாரமே அடைவு அட்டவணையில் பிள்ளைகள் மளமளவென்று ஏறினார்கள். பாயில் இருந்த பிள்ளை பழைய படியிலேயே உட்கார்ந்திருந்தது. அட்டவணையில் இருந்த பிள்ளை உச்சிக்குப் போய்விட்டது.

பிறகு வந்தவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் கதை ஒன்றுதான். கல்வி உரிமைச் சட்டம் 2009, தொடர்ச்சியான முழுமையான மதிப்பீடு வேண்டும் என்றது. தமிழ்நாட்டில் 2012–13ல் முப்பருவ முறையோடு அது வந்தது: வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60. பிள்ளை வளர்கிறதா என்று அறிவதற்கான 40 மதிப்பெண், ஆசிரியர் ராத்திரி உட்கார்ந்து பதிவேட்டில் எழுதுவதற்கான 40 மதிப்பெண்ணாக ஆயிற்று. மதிப்பீடு தொடர்ச்சியாகத்தான் நடந்தது, பதிவேட்டுக்கு. அடுத்து 2019ல் ஒரு மகா யோசனை: ஐந்தாம் வகுப்புக்குப் பொதுத் தேர்வு. பத்து வயதுப் பிள்ளைக்கு! கேட்டால், மூன்று வருடத்துக்கு யாரையும் நிறுத்திவைக்க மாட்டோம், சும்மா தேர்வு மட்டும் வைப்போம் என்றார்கள். சும்மா வைப்பதற்குப் பொதுத் தேர்வு என்ன திருவிழாக் கடையா? ஊரே எதிர்த்த பிறகு 2020 பிப்ரவரி 4 அன்று ரத்தானது. அதற்குள் ஊர் ஊராக ஐந்தாம் வகுப்புக்கு ஸ்பெஷல் கோச்சிங் போர்டு ஏறியிருந்தது.

ஆட்சி மாறியது. கொரோனாவில் விட்டுப்போன படிப்பை மீட்க 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' வந்தது. நோக்கம் நல்லது, பாடப்பொருளில் பாட்டும் கதையும் பொம்மையும் இருந்தன. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளாகப் பிரித்தார்கள். கவித்துவமான பெயர்கள். ஆனால் பிள்ளைகள் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். எந்தப் பெயர் யாருக்கு ஒட்டப்படுகிறது என்பது ஒரே வாரத்தில் அவர்களுக்குத் தெரிந்துவிடும். "அவன் அரும்பு டீச்சர்" என்று ஒரு பிள்ளை இன்னொன்றைக் காட்டிக் கெக்கலி கொட்டும்போது, முன்பு 'மக்கு' என்றார்கள், இப்போது பூவின் பெயரால் சொல்கிறார்கள் என்பதைத் தவிர எனக்கு வேறு முன்னேற்றம் தெரியவில்லை.

2023ல் இன்னொன்றும் நடந்தது. அந்தத் திட்டத்தில் ஆசிரியர்கள் சொல்லும் மதிப்பீட்டைச் சரிபார்க்க, இன்னும் படிப்பையே முடிக்காத பி.எட். மாணவர்களைப் பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். ஆசிரியர் சங்கங்கள் கொதித்தன. இருபது வருடம் சர்வீஸ் போட்ட ஆசிரியரின் சொல்லையே நம்பாத ஓர் அமைப்பு, ஏழு வயதுச் சிறுமி அழும் முகத்துக்குப் போட்ட வட்டத்தை நம்பப்போகிறதாம். யார் காதில் பூச்சுற்றுகிறீர்கள்?

பெற்றோர் தப்பித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். மெட்ரிக் பள்ளி வாசலில் மாலை நாலு மணிக்குப் போய் நில்லுங்கள். பையை வாங்குவதற்கு முன்பே, "இன்னிக்கு டெஸ்ட்ல எவ்ளோ?" என்று கேள்வி. பிள்ளை 96 என்றால், "மீதி 4 எங்க போச்சு?" அடுத்த கேள்வி, "உங்க கிளாஸ்ல யாரு ஃபர்ஸ்ட்டு?" வீட்டுக்கு வந்த தன்மதிப்பீட்டு அட்டையை அப்பா ஆபீஸிலிருந்து வந்து நிரப்புகிறார், அழகான கையெழுத்தில்: 'எனக்கு அறிவியலில் ஆர்வம் அதிகம். எதிர்காலத்தில் இஸ்ரோவில் பணிபுரிய விரும்புகிறேன்.' எழுதியது இரண்டாம் வகுப்பு ஆ பிரிவு! அட்டையைப் பார்த்து மிஸ் மூன்று ஸ்டார் ஒட்டுகிறார். அப்பாவுக்கு ஒரே சந்தோஷம், பாஸாகிவிட்டார். அந்தப் பிள்ளைக்கு உண்மையிலேயே பிடித்தது மழை வந்தால் மைதானத்தில் தேங்கும் தண்ணீர். அதற்கு அட்டையில் கட்டம் இல்லை.

இத்தனை பெரியவர்களும் சேர்ந்து பிள்ளைக்கு ஒரே ஒரு பாடத்தைத்தான் முறையாக, தொடர்ச்சியாக, முழுமையாகச் சொல்லித்தருகிறோம்: தெரியாததைத் தெரியும் என்று சொல். அதில் நம் பிள்ளைகள் எல்லோரும் மலர் நிலை. அந்தப் பாடத்தோடு வளர்ந்தவர்கள் கல்லூரியில் "எனி டவுட்ஸ்?" என்றால் தலையைக் குனிந்துகொள்கிறார்கள், வேலைக்குப் போனால் "ஓகே சார்" என்கிறார்கள். அவர்களில் சிலர் அதிகாரியாகி, பள்ளிகளுக்கு முகத்தாள் அனுப்புகிறார்கள்.

அதிகாரிகளுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த முறை பார்வைக்குப் போகும்போது பதிவேட்டைக் கேட்காதீர்கள். தரையில் உட்கார்ந்து ஏதாவது ஒரு பிள்ளையிடம், "உனக்கு எது இன்னும் வரல?" என்று கேளுங்கள். "கழித்தல்" என்று அது சொன்னால், அப்படித் தைரியமாகச் சொல்லும் அளவுக்கு அதை வளர்த்த டீச்சரைப் பாராட்டுங்கள். ஒழுங்கு நடவடிக்கை என்று 17(அ) குறிப்பாணை அனுப்பாதீர்கள். அலுவலகம் திரும்பியதும் செய்ய ஒரு வேலை இருக்கிறது: அந்தப் பள்ளிக்கு இன்னும் ஓர் ஆசிரியரைப் போடுங்கள்.